கேட்கிறவர் வருமுன் முடிவு செய்துவிடுங்கள்

தினமும் காலை குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்குகிறேன். மண்ணடியில் ஒரு போல்ட் நட்டுக் கடையில் 22 வருடமாகக் கணக்கு எழுதும் வேலை. போக வர ஒரு நாளைக்கு நான்கைந்து பேராவது என்னிடம் காசு கேட்பார்கள். ஸ்டேஷன் படிக்கட்டில் ஒரு பாட்டி, ரயிலுக்குள் இரண்டு பேர், டீக்கடை ஓரத்தில் ஒருவர், அப்புறம் "தப்பா நினைக்காதீங்க மேடம்" என்று ஆரம்பிக்கும் யாராவது ஒருவர்.

முதல் பத்து வருடம் இதை மிக மோசமாகச் செய்தேன். கொடுத்தால் ஏமாந்துவிட்டோமோ என்று எரிச்சல் வரும். கொடுக்காவிட்டால் சாயங்காலம் வரை அந்த முகம் கண்ணிலேயே நிற்கும். ஒவ்வொரு முறையும் அந்த இடத்திலேயே நின்று இவர் சொல்வது உண்மையா, பொய்யா என்று தீர்ப்பு எழுதப் பார்த்ததுதான் தப்பு. அரை நிமிடத்தில் அது யாராலும் முடியாது. இதை நான் தெரிந்துகொண்டது நானே கை நீட்டி நின்ற ஒரு நாளில்.

2011-இல் துறையூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் யாரோ என் கைப்பையைப் பிளேடால் கிழித்துவிட்டார்கள். பர்ஸ் போச்சு, அதோடு போனும் போச்சு. சென்னைக்கு வர டிக்கெட் காசு வேண்டும். பார்க்க நல்லவராகத் தெரிந்த ஒருவரிடம் போய் வாயைத் திறந்தேன். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "தப்பா நினைக்காதீங்க சார், பர்ஸ் தொலைஞ்சுபோச்சு, ஊருக்குப் போகணும்." நான் வருடக்கணக்காகக் கேட்டு நம்பாமல் நடந்து போன அதே வாக்கியம், ஒரு வார்த்தை மாறாமல். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த இரண்டு பேரும் அப்படித்தான். நான்காவதாக, தோளில் கிரிக்கெட் பை மாட்டியிருந்த ஒரு பையன் "எவ்வளவு ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டான். 200 ரூபாய் எடுத்துக் கொடுத்தான். திருப்பித் தர நம்பர் கேட்டதற்கு "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அவன் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

உண்மைக் கதையும் பொய்க் கதையும் ஒரே வார்த்தைகளில்தான் வருகின்றன. ஆகவே கதையை எடை போடுவதை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக எனக்கு நானே சில வழக்கங்கள் வைத்துக்கொண்டேன். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காசு. மாதம் பிறந்ததும் 300 ரூபாயைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்றி, மகளின் பழைய பென்சில் பவுச்சில் போட்டு, கைப்பையின் முன் ஜிப்பில் வைத்துவிடுவேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கணக்கு எழுதுகிறவளுக்கு அதைவிடப் பிடித்த பழமொழி இல்லை. உங்கள் அளவு 50 ரூபாயாக இருக்கலாம், 2000 ஆகவும் இருக்கலாம். வீட்டுச் செலவு எல்லாம் போக, தொலைந்தால்கூட வருத்தப்படாத ஒரு தொகையை வீட்டிலேயே, நிதானமாக இருக்கும்போது முடிவு செய்யுங்கள். அந்தப் பணம் அந்த நிமிடமே உங்களுடையது இல்லை. அதனால் யாரும் உங்களை ஏமாற்றவும் முடியாது.

தனிப் பவுச்சுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கூட்டத்தில் பெரிய பர்ஸைத் திறந்து நோட்டுகளைப் புரட்டிப் பத்து ரூபாய் தேடினால், அதைப் பார்ப்பது கேட்டவர் மட்டும் இல்லை. பை கிழிபட்டவள் சொல்கிறேன், பர்ஸை வெளியே எடுக்காதீர்கள். இப்போது எல்லாமே ஜிபே ஆகிவிட்டதால் கையில் சில்லறையே இருப்பதில்லை என்பது உண்மைதான். எங்கள் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்கடைக்காரர் நோட்டு வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாகச் சில்லறை கொடுப்பார், முக்கியமாகப் பத்து ரூபாய் நாணயங்களை. அது செல்லாது என்று எவனோ கிளப்பிவிட்ட புரளி இன்னும் சாகவில்லை. செல்லும். ஆனால் வாங்குகிறவர் தயங்கினால் வாதம் செய்யாமல் நோட்டாகக் கொடுத்துவிடுங்கள். அவரிடமும் கடைக்காரர் வாங்க வேண்டுமே.

பத்து ரூபாய் ஒரு காசா என்று கேட்பவர்களுக்கு: சென்னையில் அம்மா உணவகம் 2013-இல் தொடங்கியபோது வைத்த விலை இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. அப்படி ஒரு உணவகம் நடக்கிற தூரத்தில் இருந்தால் பத்து ரூபாய் ஒரு வேளைச் சாப்பாடு.

"குடிச்சே அழிச்சிடுவாங்க" என்பது எங்கள் வீட்டுக்காரர் கட்சி. சிலர் குடிக்கத்தான் செய்வார்கள். என் சம்பளத்தை நான் என்ன செய்கிறேன் என்று முதலாளி கேட்பதில்லை, நானும் பத்து ரூபாய்க்கு வரவு செலவு கேட்பதில்லை. வாடை அடித்தால் மட்டும் கொடுக்க மாட்டேன். அது நியாயமா என்றால் தெரியாது, என் வழக்கம் அப்படி.

சாப்பாடு வாங்கிக் கொடுப்பது நல்லது. ஆனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒருநாள் சென்ட்ரல் எதிரே பெரியாஸ்பத்திரி வாசலில் ஒரு பெரியவர் பசிக்கிறது என்றார். ஓடிப்போய்த் தக்காளி சாதப் பொட்டலம் வாங்கி வந்து நீட்டினேன். "சுகர் இருக்கும்மா, ரெண்டு இட்லி கிடைக்குமா?" என்றார். ஒரு நொடி எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, பிச்சையில் என்ன தேர்வு என்று. அடுத்த நொடி அதை நினைத்தே வெட்கமாகிவிட்டது. என் அப்பாவுக்கும் சர்க்கரைதான். சாப்பாட்டில் ஒரு உப்பு கூடினால் தட்டைத் தள்ளுகிற மனிதர்.

ஊருக்குப் போகக் காசு கேட்பவர்கள்

இதுதான் எல்லோரும் தடுமாறும் இடம். திருச்சிக்குப் பிறகு இரண்டு வருடம் இப்படிக் கேட்ட எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தேன். கோயம்பேட்டில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு ஜோடிக்கு 500 ரூபாய் கொடுத்தேன், சேலம் போக வேண்டும் என்றார்கள். மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் அதே ஜோடி, அதே சேலம். என்னிடமே வந்து கேட்டார்கள், ஆள் அடையாளம் தெரியவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

அதன் பிறகு வைத்த வழக்கம் இது. 50 ரூபாய் வரை எந்தக் கேள்வியும் கேட்க மாட்டேன், இருந்தால் கொடுப்பேன், இல்லாவிட்டால் இல்லை. அதற்கு மேல் கேட்டால் கையில் பணம் தர மாட்டேன். நேரம் இருந்தால் "எந்த பஸ்? வாங்க, டிக்கெட் எடுத்துத் தர்றேன்" என்பேன். கண்டக்டரிடமோ கவுன்டரிலோ நானே காசு கட்டுவேன். பாதிப் பேர் அத்தோடு நழுவிவிடுவார்கள். மூன்று பேருக்கு இதுவரை டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒருவர், பெயின்ட் அடிக்க வந்து மேஸ்திரி கூலி தராமல் விரட்டிவிட்ட ஆள், ஜன்னல் வழியாகத் தன் துண்டை எடுத்துக் கும்பிட்டார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

நேரம் இல்லையென்றால் பேருந்து நிலையத்தின் புறக்காவல் நிலையத்தைக் காட்டிவிடலாம். போலீஸ் என்றதும் பயந்தால் பொய்யர் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். திருச்சியில் நானும் போகவில்லை, பயம்தான். நகருக்குள் போக பஸ் காசு இல்லை என்று ஒரு பெண் கேட்டால், 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது என்பதைச் சொல்லி, எந்த பஸ் என்று காட்டுங்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இது உண்மையிலேயே தெரிவதில்லை.

இப்போது புதிதாக வந்திருப்பது வேறு வகை. நல்ல சட்டை, ஐடி கார்டு. "அக்கா, ஏடிஎம் வேலை செய்யல, 1000 ரூபா கேஷ் கொடுங்க, ஜிபே பண்ணிடறேன்." அனுப்பியாச்சு என்று திரையைக் காட்டுவார்கள். அந்தத் திரையை நம்பாதீர்கள், அதைப் போலியாகக் காட்டவே செயலிகள் இருக்கின்றன. உங்கள் வங்கிக் கணக்கில் வந்துவிட்டதா என்று உங்கள் போனில் பாருங்கள். பணம் வாங்குவதற்கு கியூஆர் ஸ்கேன் செய்யவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. அது கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். மாட்டிக்கொண்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். அவசரமாக ஒரு போன் செய்ய வேண்டும் என்று கேட்டால் போனைக் கையில் கொடுக்காமல் நம்பரை நீங்களே அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுப் பேசச் சொல்லுங்கள்.

குழந்தைகள்

குழந்தை கை நீட்டினால் காசு கொடுப்பதில்லை என்று நான் முடிவு செய்தது, கொடுக்கும் காசு குழந்தையிடம் நிற்பதில்லை என்று பார்த்த பிறகுதான். சிக்னலில் நான் கொடுத்த பத்து ரூபாய், நான் ரோட்டைக் கடப்பதற்குள் எதிர்ப்புறத்தில் இருந்த ஆளின் சட்டைப்பைக்குப் போனது. அந்தக் குழந்தை எவ்வளவு சம்பாதிக்கிறதோ அவ்வளவு நாள் அந்த சிக்னலில் நிற்கும். பிச்சை எடுக்கக் குழந்தையை அமர்த்துவது 2015-ஆம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டத்தில் ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். செய்ய வேண்டியது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன். இடம், நேரம், எத்தனை குழந்தைகள், கூட யார் இருக்கிறார்கள் என்பதைச் சொன்னால் போதும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள், தயவுசெய்து.

பசி என்றால் பிஸ்கட்டோ வாழைப்பழமோ கொடுப்பேன். பாக்கெட்டைப் பிரித்துத்தான் கொடுப்பேன். பால் பவுடர் டின் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்கும் தாய்மாரிடமும் அப்படித்தான். "அந்த டின் சாயங்காலமே திரும்பக் கடைக்கு வரும்மா" என்று எங்கள் தெரு மருந்துக்கடைத் தம்பி ஒருமுறை சொன்னான். மூடியைத் திறந்து கொடுத்தால் பிரச்சினை இல்லை. உண்மையில் தேவை இருப்பவருக்குத் திறந்த டின்னால் ஒரு குறையும் இல்லை.

விற்கிறவரையும் கேட்கிறவரையும் ஒன்றாக்காதீர்கள். எங்கள் ரயிலில் பார்வையற்ற ஒருவர் கடலை மிட்டாயும் கார்டு கவரும் விற்பார். ஒருமுறை 15 ரூபாய்க்கு வாங்கிவிட்டு 20 கொடுத்து "வச்சுக்கோங்க" என்றேன். ஐந்து ரூபாயை விரலால் தடவிப் பார்த்து எடுத்து, "பாக்கிம்மா" என்று நீட்டிக்கொண்டே நின்றார், வாங்குகிற வரை நகரவில்லை. யாருக்கும் ஒரு பைசா தராத எங்கள் வீட்டுக்காரர் அவரிடம் மட்டும் தினமும் மிட்டாய் வாங்குவார். அவருக்குக் கடலையே ஆகாது.

திருநங்கைகள் ரயிலில் கை தட்டிக்கொண்டு வரும்போது பலர் தூங்குவதுபோல் நடிப்பதைப் பார்த்திருக்கிறேன். நடிக்க வேண்டாம். "இன்னைக்கு இல்ல அக்கா" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். கொடுக்க நினைத்தால் கையில் வைத்துக் கொடுங்கள், மடியில் எறியாதீர்கள். தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு கடையில், பேக்கிங் வேலை கேட்டு வந்த ஒரு திருநங்கையை "கஸ்டமர் என்ன நினைப்பாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். வேலை தராமல் அனுப்பிவிட்டு ரயிலில் உழைக்கச் சொல்லி உபதேசம் செய்வது எனக்கு ஒப்பவில்லை. அதே சமயம் யாராக இருந்தாலும், வழிமறித்து, தொட்டு, மிரட்டிக் கேட்டால் கொடுக்காதீர்கள். பயந்து கொடுப்பது தர்மம் இல்லை, கப்பம். உதவிக்கு அழைக்க ரயிலில் என்றால் 139, வெளியே என்றால் 112.

மஞ்சள் துணி கட்டிக்கொண்டு மடிப்பிச்சை கேட்டு வருகிறவர்களைப் பார்த்து "நகை போட்டிருக்காங்க, இவங்களுக்கு என்ன பிச்சை" என்று என் தோழி கேட்பாள். அது வேறு கணக்கு. எனக்கு மூன்று வயதில் விஷக் காய்ச்சல் வந்து பிழைத்தபோது, சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டு அம்மா எங்கள் தெருவில் வீடு வீடாக முந்தானை ஏந்தியிருக்கிறாள். வீட்டில் அரிசி மூட்டை இருந்தது. கேட்கிற தாழ்வைத்தான் அவள் காணிக்கையாகக் கொடுத்தாள். ஆகவே ஒரு ரூபாயாவது போட்டுவிடுவேன். நீங்கள் போட வேண்டும் என்று இல்லை.

காசு பதில் இல்லாத இடங்கள்

சிலரிடம் பத்து ரூபாயை நீட்டிவிட்டு நகர்வது தப்பித்துக்கொள்வதுதான். புண்ணோடு, மயக்கத்தில் கிடந்தால் 108. வழி தெரியாமல், பேர் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் முதியவர் என்றால் 14567, அது முதியோருக்கான உதவி எண். மனநலம் குன்றித் தெருவில் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவரிடம் கொண்டுபோவது 2017-ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி காவல்துறையின் கடமை. "அது எங்க வேலை இல்லைம்மா" என்று சொன்னால் இதை மெதுவாக நினைவுபடுத்துங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. வீடற்ற, மனநலம் பாதித்த பெண்களுக்காக 1993 முதல் பேன்யன் அமைப்பு வேலை செய்கிறது. இரவு தங்க இடம் இல்லாதவர்களுக்கு மாநகராட்சியின் காப்பகங்கள் உண்டு, 1913 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம். முதல் போனிலேயே எல்லாம் நடந்துவிடாது. இரண்டாவது முறை அழைப்பதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சட்டம் பேசுகிறவர்களுக்காக இரண்டு வரி. தமிழ்நாட்டில் பிச்சை எடுப்பதைத் தடுக்கும் 1945-ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. ரயிலில் கேட்பதை ரயில்வே சட்டம் தடுக்கிறது. ஆனால் 2018-இல் டெல்லி உயர்நீதிமன்றம் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகளை டெல்லி அளவில் ரத்து செய்தது. 2021-இல் பிச்சைக்காரர்களைச் சாலைகளிலிருந்து அகற்றக் கேட்ட மனுவில் அப்படி உத்தரவிட உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. ஊருக்கு ஊர் நிலைமை வேறு. இந்தூரில் 2025 ஜனவரி முதல் கொடுப்பவர் மீதே வழக்குப் போடப்போவதாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. வெளியூர் போனால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இல்லை என்று சொல்வது

கொடுப்பதைவிட இதற்குத்தான் பழக்கம் வேண்டும். நின்று, முகத்தைப் பார்த்து, "இல்லப்பா", "இல்லம்மா". அவ்வளவுதான். காரணம் சொல்லாதீர்கள். "சில்லறை இல்லை" என்று ஒருமுறை சொன்னேன். "நூறு கொடுங்க, தொண்ணூறு தர்றேன்" என்று அவர் மடியிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்தார். "உழைச்சு சாப்பிடக் கூடாதா" என்பதையும் விட்டுவிடுங்கள், அதை நூறு பேர் ஏற்கெனவே அவரிடம் சொல்லியாயிற்று. நாம் நூற்றியோராவது ஆள்.

"வரும்போது தர்றேன்" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். படிக்கட்டுப் பாட்டியிடம் ஒரு காலை அவசரத்தில் அப்படிச் சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டேன். அன்று கடையில் ஸ்டாக் எடுப்பு, திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிட்டது. வழக்கமாக ஏழு மணிக்கெல்லாம் அந்த இடம் காலியாக இருக்கும். அன்று அவள் உட்கார்ந்திருந்தாள். "வரேன்னு சொன்னியே கண்ணு, அதான்" என்றாள். பவுச்சில் இருந்ததை எல்லாம் கொடுத்தேன், அப்போதும் மனம் ஆறவில்லை. இப்போது அவளிடம் ஒன்று காலையிலேயே கொடுத்துவிடுவேன், இல்லை "இன்னைக்கு இல்ல பாட்டி" என்பேன். "சரி, போய்ட்டு வா" என்பாள்.

பவுச் மாதக் கடைசிக்கு முன்பே காலியாகிவிட்டால் அந்த மாதம் முடிந்தது. மறுபடி நிரப்ப மாட்டேன். மிச்சம் இருந்தால் அடுத்த மாதத்துக்குப் போகும். போன மாதம் 40 ரூபாய் மிச்சம். முன் பாக்கி என்று நோட்டில் எழுதி, இந்த மாதம் 260 மட்டும் போட்டேன்.